பின்னால் போய்ப் பார்ப்பவர்

மணமக்களை வாழ்த்த எல்லோரும் மேடைக்கு முன்னால் வரிசையில் நிற்கையில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்க்கும் ஒரு பெண்மணியைக் கோயம்புத்தூர்ப் பக்கம் எந்த மண்டபத்திலாவது நீங்கள் பார்த்திருந்தால், அது அவராகத்தான் இருக்கும். பூ அலங்காரத்தை எந்தக் கம்பியில் கட்டியிருக்கிறார்கள், அந்தக் கம்பி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேடையேறுவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். நிக்குமுங்க, போலாம் வாங்க என்று அவர் உத்தரவு கொடுத்த பிறகுதான் கையிலிருந்த பரிசுப் பொட்டலத்தை நான் மணப்பெண்ணிடம் சேர்க்க முடிந்தது.

பேரைச் சொல்லாமல் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். உங்களைப் பற்றி எழுதப்போகிறேன், பேரைப் போடட்டுமா என்று போனில் கேட்டேன். எழுதி அனுப்புங்க, முன்னால பின்னால எல்லாம் பார்த்துப்போட்டுச் சொல்றேனுங்க என்றார். இன்னும் பார்க்கவில்லை. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் அவர் இருந்த தெருவே அவரை டிராயிங் அக்கா என்றுதான் கூப்பிட்டது. அறுபது வயது லேத்துக்காரரும் அக்கா என்பார். அக்காவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அவர் ஆபீஸ் வைத்திருந்த மாடியில் இப்போது ஒரு கூரியர் ஆபீஸ் இருக்கிறது. அக்கா குடும்பத்தோடு தாராபுரம் பக்கம் போய், தோட்டத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்.

பம்பு கம்பெனிகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். கீழே லேத் பட்டறை. மேலே மாடியறையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஜன்னலோரம் குறுக்கே அறுத்து வைத்த பாதிப் பம்பு. முழுப் பம்பைப் பார்த்து என்ன தெரியப்போகிறது என்பது அவர் கட்சி. வருகிற ஆள் உடைந்த பாகத்தைக் கொண்டுவந்தாலும், சிகரெட் அட்டையில் கிறுக்கிக்கொண்டு வந்தாலும், வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

“இதுக்குப் பின்னால என்னங்க இருக்குது?”

தெரியாதவர்கள் படியிறங்கிப் போய்த் தெரிந்துகொண்டு வருவார்கள். தெரிந்த மாதிரி பேசியவர்களும் இரண்டாவது கேள்வியில் படியிறங்குவார்கள்.

தொழிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தெருமுனை பேக்கரிக்கு டீ குடிக்கப் போனால், கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் போய் ஹனி கேக்கின் முதுகைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு துண்டு கேட்பார். பேக்கரிக்காரருக்குப் பழகிவிட்டது, அக்காவின் தலையைக் கண்டதும் அவரே தட்டைத் திருப்பிக் காட்டிவிடுவார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது புதுத் திரைச்சீலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நேரே சமையலறைக்குள் போய் ஃபிரிட்ஜை ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தார். காத்துப் போக எடமே இல்லீங்களே, அது எப்படிங்க மூச்சு விடும் என்று என்னையே கேட்டார். இரண்டு வருடமாக அந்த ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நின்றது.

கல்யாணமும் அப்படித்தான் பண்ணிக்கொண்டாராம். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுப் போன பிறகு, மாப்பிள்ளை வீட்டைப் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டேன் என்று அப்பாவிடம் பிடிவாதம் பிடித்திருக்கிறார். போனார்கள். எல்லோரும் முன்கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்க, இவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றுமேட்டு மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். பைப் மூட்டு ஒன்றில்கூடச் சொட்டுக் கசிவில்லை. ஒயரெல்லாம் நூல் பிடித்த மாதிரி ஓடியிருக்கிறது. யார் போட்டது என்று விசாரித்தால் மாப்பிள்ளையே போட்டது. அங்கேயே சரி சொல்லிவிட்டாராம். ஒருவேளை எலெக்ட்ரீசியன் போட்டிருந்தால் என்ன பண்ணியிருப்பீங்க அக்கா என்று கேட்டேன்.

“எலெக்ட்ரீசியனுக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டிருப்பனுங்க,” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்றும் ஒருநாள் சொன்னார். படிப்பு முடித்துச் சேர்ந்த முதல் கம்பெனியில் ஒரு பம்பின் வெளிக்கூட்டுக்கு டிராயிங் போட்டிருக்கிறார். வெளியிலிருந்து தெரியாத விளிம்பைப் புள்ளிக்கோடாகக் காட்ட வேண்டும் என்பது டிராயிங் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தருவது. பின்பக்கம் தண்ணீர் போகும் ஒரு வழிக்கு அந்தப் புள்ளிக்கோட்டைப் போடாமல் விட்டுவிட்டார். யார் பின்னால் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாராம். டிராயிங்கில் இல்லாத வழியை, இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிக்காரர்கள் எப்படி வைப்பார்கள்? வழியில்லாமலே வார்த்துவிட்டார்கள். வீணாகி மறுபடி உருக்க வேண்டிய கூடுகளைக் கம்பெனி ஃபவுண்டரி வாசலில் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலைத் தாண்டித்தான் தினமும் ஆபீசுக்குள் போக வேண்டும். யாரும் திட்டவில்லை. “திட்டியிருந்தா மறந்துபோட்டிருப்பனுங்க,” என்றார்.

அந்த ஃபவுண்டரியின் மேல் அவருக்குக் கோபம் இல்லை, பெரிய மரியாதைதான் மிஞ்சியது. நல்ல கேள்வி ஃபவுண்டரியில்தான் பிறக்கும் என்று நம்பினார். யாராவது ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டுவிட்டால், எந்த ஃபவுண்டரிங்க நீங்க என்று விசாரிப்பார். பாங்கு மேனேஜரைக்கூட அப்படிக் கேட்டிருக்கிறார். என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

நான் கணக்கு டீச்சர். தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் வேலை, கூடவே பகுதி நேரமாகப் பிஎச்.டி. அக்காவின் மாடிப்படி ஏறியபோது எனக்கு அது ஏழாவது வருடம். இனி நீட்டிப்புக் கிடையாது, சொன்ன தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பிஎச்.டி. இல்லாதவர்கள் அடுத்த வருடம் வேலையில் இருப்பார்களா என்று கேட்டதற்கு எங்கள் கல்லூரி நிர்வாகம் பதில் சொல்லாமல் சிரித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

என் ஆராய்ச்சி முடிச்சுகளைப் பற்றியது. கயிற்றில் முடிச்சுப் போட்டு இரண்டு நுனியையும் ஒட்டிவிட்டால் அது அவிழாது. அந்தக் கயிற்றை விளிம்பாகக் கொண்டு ஒரு பரப்பைக் கட்டலாம், கம்பி வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால் நடுவில் ஒரு படலம் நிற்குமே, அதுபோல. என் பரப்புகள் தட்டுகளும் பட்டைகளுமாக இருக்கும். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் இரண்டையும் இணைக்கும் முறுக்கிய பட்டைகள். நான் சொல்கிற விதிப்படி கட்டினால் அந்தப் பரப்புக்கு எப்போதும் இரண்டு பக்கம் இருக்கும் என்று நிரூபித்திருந்தேன். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் அடித்தால் இரண்டு நிறமும் எங்கேயும் மோதிக்கொள்ளாது. நாலாவது அத்தியாயம் முழுக்க இந்த ஒரு கூற்றின் மேல்தான் நின்றது. ஆய்வேடு நாலாவது அத்தியாயத்தின் மேல் நின்றது. என் வேலை ஆய்வேட்டின் மேல் நின்றது.

இதைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியதில், படத்தில் எது முன்னால் போகிறது எது பின்னால் போகிறது என்றே தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையால் வரைந்து ஸ்கேன் பண்ணிய படம் அது. முப்பரிமாணத்தில் ஒழுங்காக ஒரு படம் போட்டுக்கொண்டு வாம்மா, அதற்கு எத்தனையோ சாஃப்ட்வேர் இருக்கிறது என்றார் என் கைடு. எத்தனையோ இருந்ததுதான் தொல்லை.

கட்டுரை தட்டச்சு செய்யும் நிரலுக்குள்ளேயே படமும் போடலாம் என்றார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பட்டைக்கு அறுபது வரி எழுதினேன், வந்தது தீபாவளி முறுக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான இலவச சாஃப்ட்வேர் ஒன்று பந்தும் கூம்பும் அழகாகப் போட்டது, பட்டை என்றதும் கையை விரித்துவிட்டது. இன்னொன்று சமன்பாடு கேட்டது. என் பரப்புக்குச் சமன்பாடு இருந்தால் நான் ஏன் ஏழு வருடம் தவிக்கிறேன்? கடைசியாக, பொம்மைப் படம் எடுப்பவர்கள் பயன்படுத்தும் ஒன்றை இறக்கினேன். திறந்ததும் நடுவில் ஒரு கனசதுரம் நின்றது. முதல் மூன்று நாள் நான் கற்றுக்கொண்டது அதை அழிப்பதுதான். பிறகு தட்டு, பட்டை, வெளிச்சம், நிழல் எல்லாம் வந்தன. என் பரப்பு எவர்சில்வர் கடை ஜன்னல் மாதிரி மின்னியது. அழகுக்குக் குறைவில்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. நான் முழிப்பதைப் பார்த்த மெக்கானிக்கல் துறை நண்பர் ஒருவர்தான் டிராயிங் அக்காவிடம் போகச் சொன்னார்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டுக்கொண்டு வரத்தான் போனேன். அந்தக் கேள்விக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவேயில்லை. என் கைப்படத்தை வாங்கினார். முன்னால் பார்த்தார். காகிதத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தையும் பார்த்தார்.

“ஏனுங்க மேடம், இதுக்குப் பின்னால என்னங்க இருக்குது?”

பின்னால் ஒன்றும் இல்லை, இது கற்பனைப் பரப்பு, நாங்கள் கணக்கில் இப்படித்தான் வரைவோம் என்று கொஞ்சம் மிதப்பாகவே விளக்கினேன். ஒண்ணுமில்லாத எடம்னு ஒண்ணு இருக்குதுங்களா என்றார். சரி, நாளைக்கு வாங்க என்று காகிதத்தை வைத்துக்கொண்டார்.

மறுநாள் போய்த் திரையைப் பார்த்தேன். என் பரப்பு கம்பீரமாக நின்றது. மவுசைத் தொட்டால் தட்டும் பட்டையும் சுழன்று எல்லாப் பக்கமும் காட்டின. ஏழு வருடமாக மனதுக்குள் மட்டும் பார்த்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தால், பரப்புக்கு நாலு மில்லிமீட்டர் தடிமன். மூலையெல்லாம் மழுங்கியிருந்தது. பட்டைகள் நான் சொன்ன நீளத்தைவிடத் துளி அதிகம். என்ன இது என்று கேட்டேன். நாலு மில்லிக்குக் கீழே போனால் வார்ப்பு அச்சுக்குள் உருகிய உலோகம் ஓடி நிறையாதாம். கூர்மூலை விட்டால் அங்கேதான் விரிசல் விடுமாம். ஆறும்போது உலோகம் சுருங்குமே, அதற்குத்தான் நீளம் கொஞ்சம் சேர்த்தாராம். படத்தின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி இருந்தது. வரைந்தவர், சரிபார்த்தவர், என்ன உலோகம் என்று கட்டம் கட்டமாக. உலோகம் என்ற கட்டத்தைக் காட்டி, வார்ப்பிரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா, எது போடட்டும் என்று கேட்டார்.

இதற்கு உலோகமே கிடையாது, தடிமனும் கிடையாது, இதை யாரும் செய்யப்போவதில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். செய்யவே போவாத சாமானுக்கு ஏழு வருசங்களா என்று மெதுவாகக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதன்பிறகு தடிமனை எடுத்துவிட்டார், மனசில்லாமல். உலோகக் கட்டத்தில் மட்டும் ஒன்றுமில்லை என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. கஸ்டமர் சொல்லவில்லை என்று எழுதிவைத்தார்.

அப்படியே ஒரு மாதம் போனது. கல்லூரி விட்டதும் ஸ்கூட்டியை ஆவாரம்பாளையத்துக்குத் திருப்புவேன். ஒவ்வொரு படமாக முடிந்தது. முறுக்கு, விளிம்பு, பக்கம் எல்லாம் அக்காவுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. எங்கள் கல்லூரி முதலாமாண்டு மாணவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார், அதை அவர்களிடமே சொல்லித் திட்டுவேன். மிச்சம் இருந்தது நாலாவது அத்தியாயத்துப் படம், ஆய்விதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பினார்களே, அதே படம். அதில் மூன்றாவது பட்டை இரண்டாவது பட்டைக்குப் பின்னால் புகுந்து போகும்.

அக்கா அங்கே நின்றுவிட்டார். “பின்னால போறப்ப இந்தப் பட்டை பொரண்டுக்குதுங்களா, அப்படியே போகுதுங்களா?”

எப்படிப் போனாலும் ஒன்றுதான் என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஏழு வருடத்தில் அந்தப் பட்டையின் பின்னால் நான் ஒருமுறைகூடப் போனதில்லை.

அடுத்த நாள் போனபோது மேஜையில் என் பரப்பு நிஜமாகவே உட்கார்ந்திருந்தது. பம்பு மூடிக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் அட்டையை வெட்டி, என் விதிகளை ஒவ்வொன்றாகப் பின்பற்றி, ஸ்டேப்ளர் அடித்துச் செய்திருந்தார். விதிப்படி இழுத்தால் மூன்றாவது பட்டை பின்னால் போகிற இடத்தில் தானாகவே ஒருமுறை புரண்டுகொள்கிறது என்று காட்டினார். பக்கத்தில் இரண்டு சின்ன பெயின்ட் டப்பாக்கள். வார்ப்புக்கு மரத்தில் மாதிரி செய்கிறவர்களிடம் வாங்கி வந்தவை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நீங்களே அடிங்க மேடம் என்று பிரஷைக் கையில் கொடுத்தார்.

மேல்தட்டில் சிவப்பைத் தொட்டு ஆரம்பித்தேன். விளிம்பைத் தாண்டாமல் பட்டையில் இறங்கி, கீழ்த்தட்டில் பரவி, அடுத்த பட்டையில் ஏறி, புரண்டு, மேல்தட்டுக்கு வந்தேன். வந்த இடம் நான் புறப்பட்ட இடத்தின் மறுபக்கம். நீலம் அடிக்க வேண்டிய பக்கம் சிவப்பாகிக்கொண்டிருந்தது. பிரஷ் ஓய்ந்தபோது அட்டை முழுக்கச் சிவப்பு. நீல டப்பாவைத் திறக்கவே தேவைப்படவில்லை. என் பரப்புக்கு ஒரே பக்கம்தான்.

“எங்கப்பா கொடுமுடில மாவு மில்லு வெச்சிருந்தாருங்க,” என்றார் அக்கா. “மில்லு பெல்ட்டை ஒருக்கா திருப்பிப்போட்டு ஒட்டுவாரு. அப்பத்தான் ரெண்டு பக்கமும் சமமாத் தேயும்பாரு. உங்குளுதும் அந்த பெல்ட்டாட்டத்தானுங்க இருக்குது.”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அட்டைக்கும் ஸ்டேப்ளருக்கும் கணக்குத் தெரியுமா என்று எண்ணினேன். படம் கேட்டு வந்தால் படத்தைப் போட்டுக் கொடுக்காமல் இவருக்கு எதற்கு இந்த வேலை என்று எண்ணினேன். தேதி கண்முன் நின்றது, கல்லூரி நிர்வாகத்தின் சிரிப்பும் நின்றது. திரையில் இருந்த படத்தை நானே மவுசைப் பிடித்துச் சுழற்றினேன். ஒரு கோணத்தில் இரண்டாவது பட்டை மூன்றாவதை முழுதாக மறைத்துக்கொண்டது. புரளும் இடம் தெரியவில்லை, படமும் லட்சணமாக இருந்தது. முப்பரிமாண சாஃப்ட்வேரின் பெரிய வசதியே அதுதான், கோணத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். இந்தக் கோணத்தில் வைத்துப் படமாக எடுத்துக் கொடுத்துவிடுங்கள் அக்கா, போதும் என்றேன்.

அவர் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி என் கோணத்துக்கே கொண்டுவந்தார்.

“போட்டுத் தாரேனுங்க,” என்றார். “வரைஞ்சவங்க பெட்டில மட்டும் என்ற பேரு வேண்டாமுங்க.”

கோபமில்லை, குத்தலுமில்லை. மூலைப் பெட்டியில் தன் பேரை அழித்துவிட்டு, கேட்ட கோணத்தில் படத்தை எடுத்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். ஈரம் காயாத அட்டைப் பரப்பையும் ஒரு கேரி பேக்கில் வைத்து என் ஸ்கூட்டி கொக்கியில் அவரே மாட்டிவிட்டார். வீடு வந்து பார்த்தால் என் வெள்ளைத் துப்பட்டாவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. எந்தச் சோப்புக்கும் அது போகவில்லை.

மறுநாள் காலை கைடு வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரசித்துப் பார்த்தார். அட, இப்பத்தாம்மா தெளிவாக இருக்கிறது, இனி யாரும் வாயைத் திறக்க முடியாது, ஆய்வேட்டை பைண்ட் பண்ணக் கொடுத்துவிடு என்றார். நான் எழுந்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். வாசல்வரை வந்தும்விட்டேன். செருப்பை மாட்டக் குனிந்தபோது, ஏனோ கூடவே எடுத்து வந்திருந்த கேரி பேக்கிலிருந்து அட்டையின் சிவப்பு எட்டிப் பார்த்தது. ஃபவுண்டரி வாசலில் கிடந்த கூடுகளைத் தாண்டித் தினமும் ஆபீசுக்குப் போன ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்தாள். எனக்கு அந்த மாதிரி ஆயுசுக்கும் நடக்கத் தெம்பில்லை.

திரும்பி உள்ளே போய் அட்டையை அவர் கையில் கொடுத்தேன். அவர் மேல்தட்டில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார், பட்டையில் இறங்கினார், ஏறினார், நின்றார். மறுபடி முதலிலிருந்து போனார். மூன்றாவது முறை போகும்போது விரல் மெதுவாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, நாற்பது நாள்தாம்மா இருக்கிறது என்றார்.

நாற்பது நாளும் பட்டைகளுக்குப் பின்னாலேயே குடியிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் போகையில் ஒவ்வொரு பட்டையும் இரட்டைப்படையாகப் புரண்டால் புரளல்கள் ஜோடி சேர்ந்துகொண்டு சரிக்கட்டிவிடுகின்றன, என் கூற்று நிற்கிறது. ஏதாவது ஒரு பட்டை மட்டும் ஒற்றைப்படையாகப் புரண்டால் ஒரு புரளல் மிச்சமாகி, பரப்பு ஒருபக்கப் பரப்பாகிவிடுகிறது. எப்போதும் என்ற சொல்லை அடித்துவிட்டு நிபந்தனையைச் சேர்த்தேன். மிச்சம் விழுந்த ஒற்றைப்படைக் கதைதான் ஐந்தாவது அத்தியாயமாக வளர்ந்தது. சுருங்கிவிடும் என்று பயந்த ஆய்வேடு இருபது பக்கம் பெருத்தது.

எல்லாம் எழுதிய பிறகு, சிவப்புக் கறை போகாத அந்தத் துப்பட்டாவோடு மாடியேறினேன். அந்தப் படத்தை மறுபடியும் போட வேண்டும் அக்கா, இந்த முறை மறைக்காமல் என்றேன். அவர் துப்பட்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தெருமுனை பேக்கரிக்குப் போன் போட்டு இரண்டு டீயும் ஹனி கேக்கும் சொன்னார். வெளிச்சம் நிழல் மினுமினுப்பு எதுவும் இல்லாமல் வெறும் கோட்டுப்படமாக இரண்டு போட்டார். முதல் தாளில் முன்பார்வை, மறைந்து போகும் பட்டை புள்ளிக்கோட்டில். அடுத்த தாளில் பின்பார்வை. எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. பம்புக் கூடு வரையும் சாஃப்ட்வேரில் புள்ளிக்கோடு போட்டுத்தான் நான் தப்பித்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது வலது கீழ் மூலையைப் பார்த்தேன். வரைந்தவர் கட்டத்தில் அவர் பேர் இருந்தது, இனிஷியலோடு முழுப் பேர். சரிபார்த்தவர் கட்டம் காலியாக இருந்தது. அதிலும் உங்கள் பேரையே போட்டுவிடுங்களேன் என்றேன்.

“பின்னால போயிப் பார்த்தவங்கதானுங்க அதுல கையெழுத்துப் போடோணும்,” என்று பேனாவை நீட்டினார். “போயிப்போட்டு வந்துட்டீங்கல்ல, போடுங்க.”

போட்டேன். ஆய்வேட்டில் இந்த மாதிரிப் பெட்டியெல்லாம் இருக்கக் கூடாது என்று கைடு வெட்டச் சொன்னார். கொடுத்த பிரதிகளில் வெட்டிவிட்டேன், என்னுடைய பிரதியில் வெட்டவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளிமாநிலத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஒல்லியான மனிதர், குரலும் ஒல்லி. ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தார். நாலாவது அத்தியாயம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் படத்தைக் கிட்டே பிடித்துப் பார்த்தார், தூரப் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது பட்டை பின்னால் போகிற இடத்தில் விரலை வைத்து, இதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்டார். என் கைடு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பக்கத்தைத் திருப்புங்கள் சார் என்றேன். திருப்பினார். பின்பார்வையைப் பார்த்தார். அந்த ஒல்லிக் குரலில் அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஹாலை விட்டு வெளியே வந்ததும், வீட்டுக்குக்கூடச் சொல்லாமல், முதல் போன் அக்காவுக்குத்தான் போட்டேன். டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது, அத்தனை பக்கத்தையும் விட்டுவிட்டு நீங்கள் கேட்ட அதே இடத்தில் விரலை வைத்து அதே கேள்வியைக் கேட்டார் அக்கா என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் லேத் ஓடுகிற சத்தத்துக்கு மேல் அக்காவின் குரல் வந்தது.

“செரியான ஆளா இருக்காருங்களே,” என்றார். “எந்த ஃபவுண்டரிங்க அவரு?”